கதவு திறந்தால் எரியும் சிறு விளக்கு: எந்த மாஸ்ஃபெட், எந்தப் பக்கம்?

தரமணி · வெள்ளி, இரவு 9.10

அனைவருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 74 வயது. கண்புரை அறுவை சிகிச்சை நன்றாகவே முடிந்தது. ஆனாலும் இரவில் தரைமட்டம் தெரியாமல் தடுமாறுகிறார். எங்களுடையது பழைய மாருதி 800. கூரை விளக்கின் வெளிச்சம் டாஷ்போர்டுக்குக் கீழே இறங்குவதே இல்லை. சென்ற வாரம் கதவுப் படியில் கால் இடறி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டார். அன்றிரவே இந்த வேலையைச் செய்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

முன் இருக்கைகளில் கால் வைக்கும் இடத்தில் பக்கத்துக்கு 30 செ.மீ. எல்இடி பட்டை ஒட்டியிருக்கிறேன். மீட்டருக்கு 60 எல்இடி உள்ள சிறிய ரகம். 12 வோல்ட் அடாப்டரில் இரண்டையும் சேர்த்து அளந்தால் 0.24 ஆம்பியர். கதவு திறந்ததும் எரிய வேண்டும். மூடிய பிறகும் சில விநாடிகள் நின்று மெல்ல அணைய வேண்டும், ஏனென்றால் சீட் பெல்ட் கொக்கியைத் தேடவும் அப்பாவுக்கு நேரம் ஆகிறது.

கைவசம் பத்து பிசி547 டிரான்சிஸ்டரும் நான்கு 2என்7000 மாஸ்ஃபெட்டும் இருக்கின்றன. இரண்டுமே மின்சாரத்தால் இயங்கும் சிறு ஸ்விட்சுகள்தானே. கால் ஆம்பியருக்கு இவற்றில் ஒன்று போதாதா? கல்லூரிக்குப் பிறகு சால்டரிங் இரும்பை நான் தொட்டதில்லை. பொறுமையாகச் சொல்லித் தாருங்கள்.

ரிச்சி தெரு வாசி · வெள்ளி, இரவு 9.34

இரண்டும் வேண்டாம். பிசி547-இன் உச்சவரம்பு 100 மில்லிஆம்பியர். 2என்7000-க்கு 200. அதோடு அதன் உள்தடை 5 ஓம் வரை போகும். 0.24 ஆம்பியர் ஓடினால் அதற்குள்ளேயே ஒரு வோல்ட்டுக்கு மேல் விழுந்துவிடும். அந்தச் சின்ன பிளாஸ்டிக் உடலில் கிட்டத்தட்ட 0.3 வாட் சூடு.

ஐஆர்எல்இசட்44என் வாங்குங்கள். 55 வோல்ட், 47 ஆம்பியர், உள்தடை 0.025 ஓம்தான். இந்த விளக்குக்கு அது சூடாகவே ஆகாது. எந்தக் கடையிலும் கிடைக்கும்.

பழைய பட்டறை · வெள்ளி, இரவு 10.02

தம்பி, வேலூரில் 31 வருடமாக ஆட்டோ எலெக்ட்ரிக் பட்டறை வைத்திருக்கிறேன். மே மாதத்தில் வெயிலில் மூடி நிறுத்திய வண்டிக்குள் ஸ்டீயரிங்கைக் கையால் பிடிக்க முடியாது. அந்தச் சூட்டில் வெந்துபோன சின்னச் சின்ன போர்டுகளைக் கூடைக் கணக்கில் கழற்றிப் போட்டிருக்கிறேன். நான்கு கால் ரிலே ஒன்று போடுங்கள், சுருளில் மின்சாரம் வந்தால் காந்தத்தால் மூடும் ஸ்விட்ச் அது. கால்களில் உள்ள எண்படி 30-இல் பேட்டரி, 87-இல் விளக்கு, 86-இல் பேட்டரி, 85-ஐக் கதவு ஸ்விட்ச் வயரில் கொடுங்கள். வேலை முடிந்தது. ரிலேவை வெயில் ஒன்றும் செய்யாது.

ஓம் விதி · சனி, காலை 6.48

எந்தப் பாகம் என்று முடிவு செய்வதற்கு முன் இரண்டு அளவுகள் தேவை. தரமணி, முடிந்தால் இன்றே எடுத்துவிடுங்கள்.

ஒன்று, இன்ஜின் ஓடும்போது பட்டை எத்தனை ஆம்பியர் இழுக்கிறது? அடாப்டரில் அளந்ததை வைத்து முடிவெடுக்கக் கூடாது. பட்டையை உற்றுப் பாருங்கள். மூன்று எல்இடிக்கு ஒரு துண்டு, ஒவ்வொரு துண்டிலும் கறுப்பாக ஒரு சின்ன மின்தடை இருக்கும். அதில் 151 என்று அச்சிட்டிருந்தால் 150 ஓம். மூன்று வெள்ளை எல்இடி சேர்ந்து சுமார் 9 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும், மின்தடைக்கு மிஞ்சுவது 3 வோல்ட். அதனால் துண்டுக்கு 20 மில்லிஆம்பியர். உங்களிடம் 12 துண்டுகள், ஆகவே 0.24. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் டைனமோ ஓடும்போது வண்டியில் 14 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். எல்இடி எடுப்பது அதே 9 சொச்சம்தான். மின்தடைக்கு மிஞ்சுவது 3-இலிருந்து 5 வோல்ட்டுக்கு ஏறிவிடும். வோல்ட் ஆறில் ஒரு பங்கு ஏறினால் ஆம்பியர் மூன்றில் இரண்டு பங்கு ஏறுகிறது.

இரண்டு, கதவு ஸ்விட்ச் எந்தப் பக்கத்தை வெட்டுகிறது? கூரை விளக்குக்கு பேட்டரியின் பிளஸ் எப்போதும் வருகிறதா, கதவு திறக்கும்போது எர்த் (வண்டியின் உலோக பாடி, அதாவது மைனஸ்) சேர்கிறதா? அல்லது நேர்மாறாகவா? கதவுத் தூணில் இருக்கும் ஸ்விட்சைக் கழற்றி, வயருக்கும் பாடிக்கும் இடையே வோல்ட் பாருங்கள். பதிலைப் பொறுத்து, வாங்க வேண்டிய பாகமே மாறிவிடும்.

நீலமலை · சனி, காலை 8.15

ஒரு சந்தேகம். கதவு ஸ்விட்ச் எர்த்தைச் சேர்ப்பதாக இருந்தால், பட்டையின் பிளஸை நேரே பேட்டரிக்கும் மைனஸை அந்த ஸ்விட்ச் வயருக்கும் கொடுத்துவிடலாமே? எந்தப் பாகமும் தேவைப்படாதே?

ஓம் விதி · சனி, காலை 8.40

மெல்ல அணைய வேண்டும் என்ற நிபந்தனை இல்லாவிட்டால் நீங்கள் சொல்வதே மிகச் சிறந்த வழி. இல்லாத பாகம் கெட்டுப்போகாது. கூரை விளக்கு 10 வாட் என்றால் அந்த ஸ்விட்சில் ஏற்கெனவே முக்கால் ஆம்பியருக்கு மேல் ஓடுகிறது, இன்னும் 0.4 சேர்ந்தால் பெரிய பாரமில்லை. ஆனால் தரமணியின் அப்பாவுக்குக் கதவு மூடிய பிறகுதான் பெல்ட் கொக்கி தேவைப்படுகிறது. ரிலேவும் இங்கேதான் தடுக்கிறது. பட்டறை ஐயா சொன்னது சூட்டைத் தாங்கும் என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் ரிலே எரியும் அல்லது அணையும், நடுவில் நிற்காது. வண்டி ரிலேவின் சுருள் மட்டுமே 140, 150 மில்லிஆம்பியர் இழுக்கும். 0.24 ஆம்பியர் விளக்கை ஏற்ற அதில் பாதிக்கு மேல் ரிலேவின் சுருளுக்கே செலவாகிறது.

தரமணி · சனி, மாலை 5.20

அளந்துவிட்டேன். மின்தடையில் 151 என்றே இருக்கிறது. இன்ஜின் நின்றிருக்கும்போது பேட்டரி 12.6 வோல்ட், பட்டை 0.28 ஆம்பியர். இன்ஜின் ஓடும்போது 14.2 வோல்ட், 0.39 ஆம்பியர். நீங்கள் சொன்னதை முதலில் முழுமையாக நம்பவில்லை. மீட்டர் காட்டியதும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

கதவு ஸ்விட்ச்: ஒரே ஒரு வயர்தான். கதவு மூடியிருந்தால் அந்த வயரில் 12 வோல்ட், திறந்தால் பூஜ்யம். எர்த்தைத்தான் சேர்க்கிறது.

ஓம் விதி · சனி, இரவு 9.05

அருமை. இப்போது தெளிவாகப் பேசலாம். சற்று நீளமாக எழுதுகிறேன்.

ரிச்சி தெரு நண்பர் சொன்ன ஐஆர்எல்இசட்44என் நல்ல பாகம்தான். மாஸ்ஃபெட்டுக்கு மூன்று கால்கள்: மின்சாரம் சோர்ஸுக்கும் டிரெயினுக்கும் இடையே ஓடும், கேட் என்ற கால் அதைத் திறந்து மூடும். ஆனால் இது என்-சானல் ரகம். விளக்கின் மைனஸ் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்டுக்குப் பிளஸ் வந்தால் திறக்கும். உங்கள் கதவு வயரோ கதவு திறக்கும்போது பிளஸை இழந்து பூஜ்யத்துக்கு வருகிறது. அதாவது என்-சானலுக்கு வேண்டியதற்கு நேர் எதிர். அதைத் திருப்பிப் போட நடுவில் இன்னொரு டிரான்சிஸ்டரும் இரண்டு மின்தடைகளும் வேண்டும்.

பி-சானல் எடுத்தால் இந்தச் சுற்றுவழியே இல்லை. சோர்ஸ் பேட்டரியின் பிளஸில், டிரெயின் பட்டையின் பிளஸில், பட்டையின் மைனஸ் நேரே பாடியில். கேட்டைக் கீழே இழுத்தால் திறக்கும். கதவு வயர் செய்வது அதைத்தான். வண்டியின் பழக்கத்தோடு ஒத்துப்போகும் பாகம் இதுதான்.

இனி எந்த பி-சானல்? 0.39 ஆம்பியர் என்பதைப் பார்த்தால் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று தோன்றும். இங்கே ஆம்பியரை மறந்துவிடுங்கள். பாகத்தின் விவரத் தாளில் மூன்று எண்களைப் பாருங்கள்.

முதலாவது, டிரெயினுக்கும் சோர்ஸுக்கும் இடையே எத்தனை வோல்ட் தாங்கும் என்பது. 12 வோல்ட் வண்டியில் 12 வோல்ட் மட்டுமே இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். டைனமோ முழு வேகத்தில் சார்ஜ் செய்துகொண்டிருக்கும்போது பேட்டரி முனை தளர்ந்து கழன்றால், அந்த நொடியில் வோல்ட் மிக உயரத்துக்குப் பாயும். அதற்காக வயர் உள்ளே வரும் இடத்தில் பி6கேஇ27ஏ என்ற டிவிஎஸ் டயோடு போடுவோம். அது 23 வோல்ட் வரை சும்மா இருக்கும், பாய்ச்சல் வந்தால் தன்மேல் வாங்கிக்கொள்ளும். ஆனால் அதுவும் முழுச் சுமையில் 37.5 வோல்ட் வரை மேலே விடும். ஆகவே அதற்குப் பின்னால் இருக்கும் மாஸ்ஃபெட் 30 வோல்ட் பாகமாக இருந்தால் காவல்காரன் இருந்தும் பயனில்லை. 55 வோல்ட்டுக்குக் கீழே போகாதீர்கள்.

இரண்டாவது, கேட்டுக்கும் சோர்ஸுக்கும் இடையே தாங்கும் அளவு. பெரும்பாலோர் இந்த வரியைப் படிப்பதே இல்லை. கதவு திறந்தால் உங்கள் கேட்டில் முழு 14.2 வோல்ட்டும் விழும்.

மூன்றாவது, சூடு. விளக்கு முழுதாக எரியும்போதும் முழுதாக அணைந்திருக்கும்போதும் மாஸ்ஃபெட்டில் சூடே இல்லை. மெல்ல அணையும் அந்த ஓரிரு விநாடிகளில்தான் இருக்கிறது. அதைப் பிறகு எழுதுகிறேன்.

ஐஆர்எஃப்9540என் மூன்றிலும் தேறுகிறது: 100 வோல்ட், கேட் 20 வோல்ட், உள்தடை 0.117 ஓம். ஐஆர்எஃப்9இசட்34என் கிடைத்தால் அதுவும் சரி: 55 வோல்ட், கேட் 20 வோல்ட், 0.1 ஓம். இரண்டுமே டிஓ-220 உடல், உலோக முதுகோடு வரும்.

நீலமலை · சனி, இரவு 9.50

கேட் அளவைப் பற்றிச் சொன்னது என் நெஞ்சில் தைத்தது. சென்ற ஆண்டு நான் இதே வேலைக்கு ஏஓ3401 போட்டேன். அரிசி மணி அளவில் இருக்கும், 4 ஆம்பியர் என்று எழுதியிருந்தது, உள்தடையும் மிகக் குறைவு. மேசையில் 12 வோல்ட் அடாப்டரில் ஒரு வாரம் ஓடியது. வண்டியில் பொருத்தினேன். ஒன்பதாம் நாள் காலை வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. பார்த்தால் விளக்கு இரவு முழுவதும் எரிந்திருக்கிறது. மாஸ்ஃபெட் மூன்று காலும் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டது. பேட்டரியும் பழையது, அதோடு முடிந்தது.

அதன் கேட் தாங்குவது 12 வோல்ட்தான் என்பதை அதற்குப் பிறகுதான் படித்தேன். அடாப்டரில் விளிம்பில் நின்றது, வண்டியில் விளிம்பைத் தாண்டிவிட்டது. மாஸ்ஃபெட் கெட்டால் பெரும்பாலும் அணைந்து போகாது, எரிந்துகொண்டே நிற்கும். புதிதாக வருகிறவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ரிச்சி தெரு வாசி · சனி, இரவு 10.11

ஓம் விதி, ஒப்புக்கொள்கிறேன். யார் கேட்டாலும் ஐஆர்எல்இசட்44என் என்று சொல்லிச் சொல்லி எனக்கு அது பழகிவிட்டது. கதவு வயர் எந்தப் பக்கம் என்று கேட்டிருக்க வேண்டும்.

ஒரு கேள்வி. டிஐபி127 என்னிடம் நிறைய கிடக்கிறது. பிஎன்பி டிரான்சிஸ்டர், 100 வோல்ட், 5 ஆம்பியர். கேட் அளவு என்ற கவலையே இல்லை. அதைப் போட்டால் என்ன?

ஓம் விதி · ஞாயிறு, காலை 7.02

எரியும். ஆனால் மங்கலாக எரியும். அது டார்லிங்டன், இரண்டு டிரான்சிஸ்டர் ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பது. திறந்திருக்கும்போதும் ஏறக்குறைய ஒரு வோல்ட்டைத் தானே வைத்துக்கொள்ளும். மோட்டாருக்கோ பல்புக்கோ ஒரு வோல்ட் பெரிதில்லை. எல்இடி பட்டையிலோ மின்தடைக்கு மிஞ்சுவதே 3 வோல்ட்தான். அதில் ஒன்று போனால் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும்.

பிடி140 போன்ற சாதாரண பிஎன்பி போட்டால் வோல்ட் இழப்பு குறையும். ஆனால் அதன் பேஸுக்கு 20, 30 மில்லிஆம்பியர் தொடர்ந்து ஊட்ட வேண்டும். மெல்ல அணைய வைக்கும் மின்தேக்கி அந்தப் பசியைத் தாங்காது, மிகப் பெரியதாகப் போட வேண்டியிருக்கும். மாஸ்ஃபெட்டின் கேட் எதையும் குடிப்பதில்லை, அதனால்தான் சிறிய மின்தேக்கி போதுமானதாக இருக்கிறது.

பழைய பட்டறை · ஞாயிறு, காலை 10.30

படித்தேன். ரிலே மெல்ல அணையாது என்பது சரிதான், அந்த நிபந்தனையை நான் கவனிக்கவில்லை. ஆனால் உங்கள் கணக்கில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

நெடுஞ்சாலையில் இரவில் பேட்டரி இறங்கி வண்டி நின்றால் யாரிடம் கேட்பீர்கள்? லாரிக்காரரிடம். அவர் நல்ல மனத்தோடு கேபிள் கொடுப்பார். லாரி 24 வோல்ட். இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் எடுக்கத் தெரிந்தவர் எடுப்பார், தெரியாதவர் முழு 24-ஐயும் கொடுத்துவிடுவார். அப்படி வந்த கார்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். உள்ளே இருக்கும் எல்இடி எல்லாம் கருகியிருக்கும். அந்த நேரத்தில் கார்க் கதவு திறந்துதான் இருக்கும் தம்பி. 24 வோல்ட் வந்தால் உங்கள் கேட் 20 வோல்ட் என்ன ஆகும்?

இன்னொன்று. பிளஸ் எங்கே எடுத்தாலும் முதல் ஒரு சாணுக்குள் தனி ஃபியூஸ் இருக்க வேண்டும். 1 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ் போதும். ரேடியோ வயரில் கொக்கி போட்டு எடுக்காதீர்கள். எர்த் எடுக்கும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி, வெள்ளித் தகடு தெரியும்வரை எமரித் தாளால் தேய்த்து, பல் வாஷர் போட்டு இறுக்குங்கள். மேலே கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். பட்டறைக்கு வரும் விளக்குக் கோளாறுகளில் பாகம் கெட்டு வருவதைவிட எர்த் துருப்பிடித்து வருவதுதான் அதிகம்.

ஓம் விதி · ஞாயிறு, மதியம் 12.20

ஐயா, மிக்க நன்றி. லாரியை நான் நினைக்கவே இல்லை. கேட்டுக்கும் சோர்ஸுக்கும் இடையே ஒரு 15 வோல்ட் ஜீனர் டயோடு போட்டுவிடலாம். 1என்4744ஏ, ஒரு வாட். வெளியே 24 வந்தாலும் கேட் 15-ஐத் தாண்டாது. மிச்சத்தைக் கேட்டுக்குப் போகும் 1 கிலோ ஓம் மின்தடை தாங்கிக்கொள்ளும், அதில் ஓடுவது 8 மில்லிஆம்பியர்தான்.

மாஸ்ஃபெட் பிழைக்கும். பட்டை பிழைக்காது: 24 வோல்ட்டில் துண்டுக்கு 100 மில்லிஆம்பியரை நெருங்கும். மொத்தம் ஒரு ஆம்பியரைச் சற்றே தாண்டுவதால் 1 ஆம்பியர் ஃபியூஸும் உடனே போய்விடாது. எனவே கேபிள் கொடுப்பதற்கு முன் இந்த ஃபியூஸைப் பிடுங்கிவிடுவதே நல்லது. ஃபியூஸைக் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள் தரமணி.

இப்போது முழுச் சுற்று. பேட்டரி பிளஸ், ஃபியூஸ், பிறகு ஐஆர்எஃப்9540என்-இன் சோர்ஸ். ஃபியூஸுக்குப் பின்னால் பிளஸுக்கும் பாடிக்கும் இடையே டிவிஎஸ் டயோடு, கோடு போட்ட முனை பிளஸ் பக்கம். டிரெயின் பட்டைக்கு. சோர்ஸுக்கும் கேட்டுக்கும் இடையே மூன்று பாகங்கள் பக்கம் பக்கமாக: ஜீனர் (கோடு சோர்ஸ் பக்கம்), 100 கிலோ ஓம் மின்தடை, 47 மைக்ரோஃபாரட் மின்தேக்கி (பிளஸ் கால் சோர்ஸ் பக்கம்). மின்தேக்கி 35 வோல்ட், 105 டிகிரி ரகமாக இருக்கட்டும், வேலூர் வெயிலுக்காக. கேட்டிலிருந்து 1 கிலோ ஓம், அதன்பின் 1என்4148 டயோடு, கோடு போட்ட முனை கதவு வயரில்.

அந்த டயோடு ஏன்? கதவு மூடியதும் கூரை விளக்கின் பல்பு வழியாகக் கதவு வயருக்கு 12 வோல்ட் திரும்பி வருகிறது. நீங்கள் அளந்தீர்களே, அந்த 12 வோல்ட். டயோடு இல்லையென்றால் அது கேட்டை உடனே மேலே தூக்கி விளக்கை அணைத்துவிடும். டயோடு இருந்தால் மின்தேக்கி 100 கிலோ ஓம் வழியாக மட்டும் மெல்ல வடியும்.

எவ்வளவு நேரம்? 100 கிலோவையும் 47 மைக்ரோவையும் பெருக்கினால் 4.7 விநாடி. கேட் 12 வோல்ட்டிலிருந்து 4 வோல்ட்டுக்கு இறங்க ஐந்து விநாடிக்குச் சற்று மேல். அதுவரை விளக்கு முழுதாக எரியும். பிறகு சுமார் ஒரு விநாடியில் மங்கி அணையும். படிப்படியாக நீண்ட நேரம் மங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், கேட்டில் மின்தேக்கி வைத்தால் நின்று பிறகு இறங்குவதுதான் இயல்பு. உங்கள் அப்பாவுக்கு அதுவே வசதி.

மங்கும்போது சூடு: பட்டையின் மின்தடைகளுக்கும் மாஸ்ஃபெட்டுக்கும் வோல்ட் பாதிப் பாதி பிரியும் கட்டத்தில் உச்சம். மின்தடைகளுக்கு மிஞ்சும் 5.2 வோல்ட்டில் பாதி 2.6, அப்போது ஓடுவது 0.2 ஆம்பியர், ஆக அரை வாட். டிஓ-220 உடலுக்கு அரை வாட் என்றால் தொடர்ந்து இருந்தாலும் 31 டிகிரிதான் ஏறும். அரிசி மணி அளவுப் பாகத்துக்கு அது கொதிநிலை.

தரமணி · புதன், இரவு 10.45

மேசையில் கட்டிவிட்டேன். முதல் முறை மின்தேக்கியைத் தலைகீழாக வைத்துவிட்டேன், நல்லவேளையாகச் சூடாவதற்குள் கவனித்துவிட்டேன்.

ஒரு செய்தி. முதலில் ஒரு கடையில் வாங்கிய ஐஆர்எஃப்9540என்-இல் 0.39 ஆம்பியருக்கு 0.3 வோல்ட் விழுந்தது. உள்தடை 0.117 ஓம் என்றால் 45 மில்லிவோல்ட்தானே விழ வேண்டும்? கேட்டில் 12 வோல்ட் சரியாக இருக்கிறது. எழுத்தை விரலால் தேய்த்தால் அழிகிறது.

ரிச்சி தெரு வாசி · புதன், இரவு 11.08

வேறு எண்ணை அழித்துவிட்டு மேலே அச்சடித்த பாகம் அது. தாங்கும் வோல்ட்டும் எத்தனை என்று தெரியாது, போடாதீர்கள். வாங்கும்போது எழுத்து லேசரில் பொறித்ததா, மையில் அச்சடித்ததா என்று பாருங்கள், ஒரு துளி அசிட்டோன் தொட்டுத் துடைத்தால் மை போய்விடும். ஆனால் முடிவான சோதனை நீங்கள் செய்ததுதான். தெரிந்த ஆம்பியரை விட்டு, டிரெயினுக்கும் சோர்ஸுக்கும் இடையே விழும் மில்லிவோல்ட்டைத் தாளில் உள்ளதோடு ஒப்பிடுங்கள்.

தரமணி · சனி, மாலை 6.30

வேறு இடத்தில் வாங்கினேன். இப்போது 39 மில்லிவோல்ட். வண்டியில் பொருத்திவிட்டேன். 100 கிலோவுக்குப் பதிலாக 220 கிலோ போட்டேன், பதினோரு விநாடி நிற்கிறது. அப்பா பெல்ட் மாட்டி முடிக்க எட்டு விநாடி ஆகிறது, கடிகாரம் வைத்துப் பார்த்தேன்.

தரமணி · செவ்வாய், இரவு 9.40

உதவி வேண்டும். நேற்று இரவெல்லாம் மழை. இன்று மாலை வண்டியைப் பார்த்தால் கதவுகள் மூடியிருக்க, பட்டைகள் மின்மினி போல மங்கலாக எரிகின்றன. மாஸ்ஃபெட் போய்விட்டதோ என்று பயந்தேன். கேட்டுக்கும் சோர்ஸுக்கும் இடையே 3.4 வோல்ட் இருக்கிறது. பூஜ்யமாக அல்லவா இருக்க வேண்டும்? மின்தேக்கியைக் கழற்றிப் பார்த்தாலும் அதேதான்.

ஓம் விதி · செவ்வாய், இரவு 10.05

மாஸ்ஃபெட் நன்றாக இருக்கிறது. யாரோ கேட்டைக் கொஞ்சமாகக் கீழே இழுக்கிறார்கள். கூரை விளக்கின் ஸ்விட்ச் இப்போது எந்த நிலையில் இருக்கிறது?

தரமணி · செவ்வாய், இரவு 10.12

அணைந்த நிலையில். கீழே விளக்கு வந்துவிட்டதால் கூரை விளக்கு தேவையில்லை என்று அப்பா அணைத்துவிட்டார்.

பழைய பட்டறை · செவ்வாய், இரவு 10.20

தம்பி, கதவுத் தூணில் இருக்கும் ஸ்விட்சின் ரப்பர் தொப்பியைக் கழற்றிப் பாருங்கள். கிழிந்திருக்கும். உள்ளே ஈரமும் பச்சைப் பாசி போன்ற உப்பும் இருக்கும். மழைக்காலத்தில் இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாக எர்த் கசியும்.

ஓம் விதி · செவ்வாய், இரவு 10.38

ஐயா சொன்னதுதான் காரணம். குற்றத்தில் பாதி என்னுடையது. கதவு வயருக்கு 12 வோல்ட் வருவது கூரை பல்பு வழியாகத்தான் என்று நானே எழுதினேன். பல்பை அணைத்தால் அந்த வயர் அநாதையாகிவிடும் என்பதை யோசிக்கவில்லை. இப்போது அதைத் தாங்குவது உங்கள் 220 கிலோ ஓம் மட்டுமே. ஈரத்தின் கசிவு அரை மெகா ஓம் என்றாலே போதும், கேட்டில் மூன்றரை வோல்ட் நின்றுவிடும். நீங்கள் அளந்தது ஏறக்குறைய அதுதான். மாஸ்ஃபெட் சற்றே திறக்கத் தொடங்கும் இடமும் அதுவே.

கதவு வயருக்கும் ஃபியூஸுக்குப் பின்னால் உள்ள பிளஸுக்கும் இடையே ஒரு 10 கிலோ ஓம் போடுங்கள். அதே கசிவு இருந்தாலும் வயர் கால் வோல்ட்டுக்கு மேல் இறங்காது, டயோடு திறக்காது. கதவு மூடியிருக்கும்போது இது எதையும் இழுக்காது, திறந்திருக்கும்போது 1.2 மில்லிஆம்பியர்தான். கூரை பல்பை எடுத்துவிட்டு எல்இடி போட்டிருப்பவர்களுக்கும் இது தேவை. சுற்றைப் படித்துக் கட்டப்போகிறவர்கள் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தரமணி · வியாழன், இரவு 8.55

10 கிலோ போட்டேன். ரப்பர் தொப்பி ஐயா சொன்னபடியே கிழிந்திருந்தது. உள்ளே பித்தளை முனையில் பச்சை உப்பு. பழைய பல்துலக்கியால் தேய்த்து, காயவைத்து, கிரீஸ் தடவி, புதுத் தொப்பி மாட்டினேன். ஒரு வாளித் தண்ணீரைக் கதவுத் தூணில் ஊற்றியும் பார்த்துவிட்டேன். கேட்டில் 0.02 வோல்ட். பட்டை முற்றிலும் இருட்டு.

இன்று மாலை அப்பாவை மருத்துவரிடம் அழைத்துப் போனேன். கதவைத் திறந்ததும் குனிந்து காலடியைப் பார்த்து, வலது காலை உள்ளே வைத்து, இருக்கையில் அமர்ந்து, கதவைச் சாத்தினார். விளக்கு நின்றது. கொக்கியை மாட்டியபின்தான் அணைந்தது. எதுவும் பேசவில்லை. திரும்பி வந்து இறங்கும்போது, "இதே மாதிரி வாசல் படியிலும் ஒன்று வைத்துவிடு" என்றார்.

பழைய பட்டறை · வியாழன், இரவு 9.20

மகிழ்ச்சி தம்பி. வலது பக்கக் கதவின் தொப்பியையும் மாற்றிவிடுங்கள், இரண்டும் ஒரே வயதுதான்.